வெளித்தாழ்ப்பாள்

ஒரு கோடுதானே என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். காலையில் பட்டாசு ஆலை மேனேஜர் சௌந்தரராஜ் இந்த அச்சகத்துக்கு வந்து, இப்போது மாரீஸ்வரி உட்கார்ந்திருக்கிற இதே நாற்காலியில் உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்து முடித்துவிட்டு அதைத்தான் சொன்னார். அவருடைய கார் தெருமுனை திரும்பியதும் அச்சக முதலாளி தனபாலன் அண்ணாச்சியும் அதையேதான் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்காமல், மேசைமேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே. இந்தப் பக்கம் இருக்கிறதை அந்தப் பக்கம் போடப்போறே, அவ்வளவுதானம்மா. அவள் வரைந்த காமிக்ஸ் புத்தகத்தின் மற்ற பக்கங்களெல்லாம் அச்சாகி மடிப்புக்குப் போய்விட்டன. கடைசித் தாள் ஒன்றுதான் பாக்கி. அதை ஓட்டலாம் என்கிற நேரத்தில் கரெண்ட் போய்விட்டது. உள்ளே மெஷின் பெருமூச்சு விட்ட மாதிரி அடங்கியது. தலைக்குமேல் மின்விசிறி போக மனசில்லாத விருந்தாளி போல இன்னும் ரெண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. "கரெண்ட் வர்றதுக்குள்ள யோசிச்சு வைம்மா மாரி. அவரு சாயங்காலம் தாளைப் பாக்க வர்றேன்னு சொல்லியிருக்காரு," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வாசலில் போய் நின்றுகொண்டார். யோசிக்க என்ன இருக்கிறது. யோசிக்காமல் இருக்கத்தான் அவளுக்கு வழி தெரியவில்லை. மடியில் புரூஃப் தாள் விரிந்து கிடக்கிறது. கழுத்திலிருந்து இறங்கிய வியர்வை ஒரு சொட்டு அதன் ஓரத்தில் விழுந்து, தாளில் இருந்த நாயகி திரியின் கால்விரல் கொஞ்சம் கலங்கியது. அவள் அதை முழங்கையால் ஒற்றினாள். ஒற்றியபோது கண் மறுபடியும் அந்தக் கட்டத்துக்கே போனது. கதவு. கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். கட்டைவிரல் நகம் அளவுகூட இல்லை. அதை வரைய அவளுக்கு ஒரு மூச்சு நேரம்தான் பிடித்திருக்கும்.

திரி, இரண்டாம் பாகம். முதல் பாகம் புத்தகத் திருவிழாவில் போட்ட கடையிலேயே தீர்ந்துபோனது என்று அண்ணாச்சி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிற அச்சகம் காமிக்ஸ் போடுகிறது என்று முதலில் ஊரே சிரித்தது. அவளும் லேபிள் வரைந்து பழகியவள்தான். ரோஜாப்பூ, கொழுகொழுக் குழந்தை, வாயைத் திறந்த புலி. புலிக்கு மேலே பூச்சட்டி வெடிக்கும், புலி அதைப் பார்த்துச் சிரிக்கும். எத்தனை வருசம் சிரிக்கிற புலியையே வரைவது. ஒருநாள் லேபிள் தாளின் பின்பக்கத்தில் ஒரு பெண்ணை வரைந்தாள். நெருப்பில் செத்தவள், ஆனால் நெருப்பு முழுசாகத் தின்று முடிக்காதவள், தலைமுடியின் நுனியில் எப்போதும் ஒரு பொறி கனிந்துகொண்டிருக்கும். அவள் வேகமாக ஓடினால் பொறி கிளம்பும், கோபப்பட்டால் எரியும், எரிய எரிய முடி குறையும். முடி தீர்ந்தால் அவளும் தீர்ந்தாள். பேர் திரி. செத்தவர்கள் அவளிடம் பேசுவார்கள். உயிரோடிருப்பவர்களும் பேசுவார்கள், ஆனால் அவளை எதிரே பார்த்தால் ஓடிவிடுவார்கள். முதல் பாகத்தில் ரயில் பாலத்துக்குமேல் அவளுக்கும் பேர்தின்னிக்கும் சண்டை. பேர்தின்னிக்கு மூன்று வாய். செத்தவர்களின் பேரைத் தின்றுவிடுவான், பேர் போனவர்கள் வீட்டுக்கு வழி தெரியாமல் அவனுக்கே வேலைபார்ப்பார்கள். பாலம் இடிந்து, அவன் ஆற்றில் விழுந்தான் என்று முடித்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான் இருந்தது, அதனால் அவன் சாகவில்லை என்று ரெண்டாம் பாகத்தை ஆரம்பித்தாள். இந்த வறண்ட ஊர்க்காரிக்குத்தான் அப்படித் தோன்றும் என்று அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பாகத்தில் திரி பூமிக்கு அடியில் போகிறாள். அங்கே ஒரு ஆலை. செத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து பட்டாசுக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள், ஏனென்றால் வேலை முடிந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கதவு சாத்தியிருக்கிறது. பேர்தின்னி கதவுக்கு முன்னால் மலைபோல நிற்கிறான். திரி மிச்சமிருக்கிற முடியையெல்லாம் எரித்து, அவனைத் தாண்டி, அந்தத் தாழ்ப்பாளை உருக்குகிறாள்.

உள்பக்கம். அந்த வார்த்தையில்தான் மனசு மாட்டிக்கொண்டு கிழிகிறது, முள்வேலியில் தாவணி மாட்டிக்கொண்ட மாதிரி. எவ்வளவு தன்மையாகச் சொன்னார் சௌந்தரராஜ். "புக்கு பிரமாதம்மா. என் மக முதல் பாகத்தப் படிச்சிட்டு தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வீடு பூரா ஓடுறா. கேட்டா நான்தான் திரிங்கிறா." அப்புறம் புரூஃப் தாளை விரலால் தட்டினார். மோதிரம் போட்ட விரல். "பேய் பிசாசு எல்லாம் நல்லாப் போடுங்க. மூணு வாய் என்ன, முப்பது வாய் போடுங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல. இந்தத் தாழ்ப்பாள மட்டும் உள்பக்கமாப் போட்டுருங்க. பாக்கிறவங்க தப்பா நெனச்சிருவாங்க பாருங்க." சர்க்கரை கொஞ்சம் கம்மியாப் போடுங்க என்கிற மாதிரி. செத்துப்போனவள் எழுந்து வந்து பாலத்தில் சண்டை போடுவதை அவர் நம்பத் தயார். முடி எரிவதை, மண்ணுக்கடியில் ஆலை இருப்பதை, மூன்று வாய்ப் பேயை, எல்லாவற்றையும் அவர் அப்படியே விட்டுவிடுகிறார். கதவில் இருக்கிற ஒரு இரும்புத் துண்டுதான் அவருக்கு உறுத்துகிறது. அப்படியென்றால் இந்தப் புத்தகத்தில் எது நிசம் என்று அவருக்கும் தெரியும். அவளைவிட நன்றாகத் தெரியும். அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சார், எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். எதற்காகக் கழுவினாள். கழுவச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அக்கா இருந்திருந்தால் அந்த டீயில் உப்பைப் போட்டுக் கொடுத்திருப்பாள்.

அக்கா பாண்டிச்செல்வி சௌந்தரராஜின் ஆலையில்தான் வேலைபார்த்தாள். அம்மாவும் அங்கேதான், வேறு அறையில். அக்காவுக்குக் கை எவ்வளவு வேகமோ அதைவிட வாய் வேகம். மருந்து செலுத்திக்கொண்டே பேய்க்கதை சொல்லுவாள். சுடுகாட்டுப் புளியமரம், கொலுசு போட்ட முனி, கிணற்றுக்குள்ளிருந்து தண்ணீர் கேட்கிற பெண்பிள்ளை, எல்லாம் அவளே கட்டுவது. அடுத்த அறைக்காரிகள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வந்து வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். போர்மேனுக்கு அது பிடிக்கவில்லை. வேலை கெடுகிறது என்று ஏசிப்பார்த்தான். அக்கா அவனையே ஒரு கதையில் பேயாக்கிவிட்டாள், அவன் நடக்கிற மாதிரியே நடந்து காட்டினாள். அப்புறம் அவன் வெளியே தாழ்போட ஆரம்பித்தான். சோற்று நேரத்துக்குத்தான் திறப்பான். அக்காவின் அறை வெடித்த அன்றைக்கு மாரீஸ்வரி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சத்தம் கேட்டது. இந்த ஊரில் சத்தம் கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள், வெள்ளைப் புகையா கரும்புகையா என்று. கரும்புகை என்றால் எங்கோ ஆலை எரிகிறது. டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பாடத்தை நிறுத்தினாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். மற்றதெல்லாம் பிறகு கேட்டது. அதிகாரி விசாரித்து எழுதியதில் என்ன வந்தது என்றால், பெண்பிள்ளைகள் உள்ளே தாழ்போட்டுக்கொண்டு கதை பேசிக்கொண்டிருந்தார்கள், கவனக்குறைவு. கதை பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரில் அதற்குப் பிறகு ஒருத்தரும் பாண்டிச்செல்வி செத்துப்போனாள் என்று சொல்லவில்லை. பாண்டிச்செல்வி கதை சொன்னாளாம், எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாளுகளாம், அதான் கை தப்பிப்போச்சு என்றார்கள். ஒரு கதையால் ஒரு அறை எரிந்தது என்றார்கள். செத்தவர்களின் தாய்மார்கள் கொஞ்சநாள் அம்மாவைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போனார்கள்.

இங்கேதான் எப்போதும் நினைப்பு சுற்றிச் சுற்றி வந்து முட்டும். ஒருவேளை அப்படித்தானோ. அக்கா அந்தக் கணத்தில் கதையின் பயங்கரமான இடத்துக்கு வந்திருப்பாளோ. குரலைத் தாழ்த்தி, எல்லோரையும் பக்கத்தில் இழுத்து, சட்டென்று கத்துவாளே, வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு சொல்லும்போது செய்வாளே, அப்படிக் கத்தி, எவளோ ஒருத்தி திடுக்கிட்டு, கையிலிருந்தது நழுவி. இல்லை. மருந்து வெயிலுக்கே வெடிக்கும், உரசினால் வெடிக்கும், ஒன்றுமில்லாமலும் வெடிக்கும், இந்த ஊரில் யாருக்குத் தெரியாது. இல்லை, ஆனால் ஒருவேளை. இந்த ஒருவேளையை மாரீஸ்வரி வருசக்கணக்காக வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள், பாக்கு மாதிரி, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். ரெண்டாம் பாகத்தின் இந்தப் பக்கத்தை வரைந்த அன்றைக்குத்தான் அது போயிற்று. கதவை வரைந்தாள், தாழ்ப்பாளை வரைந்தாள், கை தானாக நின்றது. வெடித்தது எதனாலேயோ இருக்கட்டும். கதையாலேயே இருக்கட்டும். வெடித்தால் ஓடுவதற்குத்தானே கதவு. வெளியே வரமுடியாமல் போனது எதனால். அதற்கு எந்த ஒருவேளையும் கிடையாது. அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை, பசி வந்தது. ஓட்டலுக்குப் போய்ப் புரோட்டா வாங்கி, சால்னாவை ஊற்றிப் பிசைந்து, எதிரே இருந்தவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டாள்.

எங்கோ டமாலென்றது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. உடம்பு முந்திக்கொண்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டாள், புரூஃப் தாள் காலடியில் விழுந்தது. உள்ளே மெஷின் ஓட்டுகிற குருசாமியும் எழுந்து வந்தார். அண்ணாச்சி தெருவில் இறங்கி, கையைப் புருவத்துக்குமேல் வைத்து மேற்கே பார்த்தார். எதிர்க்கடைக்காரர் பார்த்தார். சைக்கிளில் போனவர் காலை ஊன்றிப் பார்த்தார். "வெள்ளைதான். வெடிச்சுப் பாக்குறானுக," என்றார் அண்ணாச்சி. தெரு மறுபடியும் மூச்சு விட்டது. சைக்கிள் நகர்ந்தது. அவள் குனிந்து தாளை எடுத்தாள், கை நடுங்குவது தெரிந்தது, நடுங்கட்டும் என்று விட்டாள். இதையும் சௌந்தரராஜ் உள்பக்கமாகப் போடச் சொல்வாரா. இந்த நடுக்கத்தை எந்தப் பக்கம் போட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இந்த ஊர்க்காரர்களுக்குப் பேயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் மொத்த ஊரும் அரை நிமிசம் செத்துச் செத்துப் பிழைக்கிறது.

அண்ணாச்சி உள்ளே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "எம்மேல கோவமாம்மா."

"இல்ல அண்ணாச்சி."

"இந்தக் கூரை லேபிள் ஆர்டர்லதான் நிக்குது. உனக்குத் தெரியாதது இல்ல. குருசாமி குடும்பம், மடிக்கிற பொம்பளைக, எல்லாரும் அதுலதான். அவங்க ஒரு போன் போட்டா இந்த ஊர்ல எவனும் எனக்கு ஆர்டர் தரமாட்டான்."

"தெரியும்."

"நான் பயந்தவன்தான்னு வச்சுக்கயேன். ஆனா உனக்கும் சேத்துத்தான் பயப்படுறேன். தாழ்ப்பாள் வெளிய இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னான்னு கேப்பாங்க. கேக்காம இருப்பாங்களா. நீ யாரக் காட்டுவ?"

காலையிலிருந்து அவள் சுற்றிச் சுற்றிப் போய் நிற்காமல் தப்பித்துவந்த இடம் அதுதான். யாரைக் காட்டுவாள். ஒரே ஒரு ஆள்தான். சத்தம் கேட்டதும் தன் அறையிலிருந்து ஓடிவந்து, புகைக்குள் கையை நீட்டி, அந்தத் தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்த ஆள். அது வளைந்திருந்தது. கொதித்தது. நகரவில்லை. அம்மாவின் வலது உள்ளங்கை இன்றைக்கும் முழுசாக விரியாது, எதையோ பிடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி பாதி மூடியே இருக்கும். மாவு பிசையும்போது இடது கையால்தான் பிசைவாள். அம்மா இதைத் தானாகச் சொன்னது ஒரே ஒரு தடவை. மழை பெய்து, திருத்தங்கலில் இருக்கிற அவர்கள் வீட்டின் பின்கதவு ஊறிப்போய் நிலையோடு பிடித்துக்கொண்டது. மாரீஸ்வரி உள்ளே இருந்து, யம்மா, கதவு வரமாட்டேங்குது என்றாள், சாதாரணமாகத்தான் சொன்னாள். வெளியே அம்மாவுக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை. அரிவாள்மணையால் கதவைக் கொத்த ஆரம்பித்தாள். பலகை சிம்பு சிம்பாகப் பறந்தது. கதவு விழுந்த பிறகு மழைச் சேற்றிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் சொன்னாள், விசாரிக்க வந்த அதிகாரிகிட்ட இந்தக் கையக் காட்டிச் சொன்னேன், வெளிய தாழ்ப்பாள் போட்டிருந்தான்னு. அவரு கேட்டாரு. கேட்டுட்டுப் பேனாவ மூடிட்டாரு. மறுநாள் அம்மா ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்து வீட்டில் இருந்த எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றி எறிந்தாள். குளியலறைக்குக்கூடக் கிடையாது. அந்த வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். விருந்தாளி வந்தால் பாட்டுத் தெரியாமல் இருமிக்கொண்டே குளிப்பார்கள்.

அந்த அம்மாவைக் கேட்காமல்தான் வரைந்தாள். கேட்கப் பயம். வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்கிற பயம், சரி என்று சொன்னால் இன்னும் பயம். புத்தகம் வந்தால் வீட்டு வாசலில் கார் நிற்கும். மேனேஜர் அதே தன்மையான குரலில் அம்மாவிடம் பேசுவார். அம்மா மறுபடியும் கையை விரித்துக் காட்ட வேண்டும், விரியாத கையை. பக்கத்து வீட்டுக்காரியின் மகள் இப்போது அதே ஆலைக்குத்தான் போகிறாள். உன் மக படம் போட்டு எங்க வயித்துல அடிக்கிறா என்று அந்தப் பிள்ளையின் தாய் தெருவில் நின்று கத்துவாள். மாரீஸ்வரிக்கு என்ன, அவள் வரைந்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் போய்விடுவாள். தெருவில் குழாயடியில் நிற்கப்போவது அம்மா. இருக்கட்டும், ஒரு கோடுதானே. உள்பக்கம் போட்டுவிட்டால் எல்லோரும் தூங்கலாம். அண்ணாச்சி தூங்கலாம். குருசாமி தூங்கலாம். திரி அப்போதும் பேர்தின்னியை அடிப்பாள், அப்போதும் கதவு உருகும், படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன தெரியப்போகிறது. தாழ்ப்பாள் உள்ளே இருந்தால் திரி எதற்கு. உள்ளே இருக்கிறவர்களே திறந்துகொண்டு வந்திருப்பார்களே. உள்பக்கம் போட்டுவிட்டால் அந்தப் பெண்பிள்ளைகள் எல்லோரும் தாங்களாகவே பூட்டிக்கொண்டு செத்த முட்டாள்கள். அக்கா அவர்களைக் கதை சொல்லிக் கொன்றவள். பேர்தின்னி பேரைத்தான் தின்னுவான். இந்த ஒரு கோடு மிச்சத்தையும் தின்றுவிடும். அவள் சட்டென்று போனை எடுத்தாள். எடுத்த பிறகு யோசிக்க நேரம் கொடுக்கவில்லை.

மணி அடித்தது. எப்போதும் போல அம்மா எடுத்த எடுப்பில், "சாப்பிட்டியா," என்றாள்.

"இன்னும் இல்லம்மா. யம்மா, ஒண்ணு சொல்லணும். ரெண்டாவது புஸ்தகத்துல நான் அந்தத் தாழ்ப்பாள வரஞ்சிருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வருவது கேட்டது.

"வெளியவா உள்ளவா?"

"வெளிய."

அண்ணாச்சி எழுந்து போகப் பார்த்து, போகாமல் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உன் கதையில கதவு தெறக்குதா?" என்றாள் அம்மா.

"தெறக்குதும்மா. திரி அத உருக்கிடுறா. எல்லாரும் வெளிய வந்துடுறாங்க."

"பாண்டியுமா?"

"அவளும்தான். எல்லாரையும் அனுப்பிட்டுக் கடைசியா அவ வர்றா."

"கடைசியாவா." அம்மாவின் குரலில் ஏதோ வித்தியாசம். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அவளா? நல்லா வந்தா. அவ எவளையும் அனுப்பமாட்டா. எல்லாரையும் இடிச்சுத் தள்ளிட்டு மொத ஆளா ஓடிவந்து எங்கழுத்தக் கட்டிக்குவா. ஒங்கக்காவ ஒனக்குத் தெரியாதா."

மாரீஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆமாம். அக்கா அப்படித்தான். பந்தியில் அவளுக்குத்தான் முதல் இலை வேண்டும், பஸ்ஸில் அவளுக்குத்தான் ஜன்னல். தியாகியாக வரைந்து வைத்திருக்கிறாளே, யார் இது, அக்காவே இல்லையே. "யம்மா, கேப்பாங்க. ஒனக்கு யார் சொன்னான்னு. வீட்டுக்கு வருவாங்க."

"வரட்டும். என்னச் சொல்லு. ஒருதடவ சொன்னேன், எழுதல. இன்னொருதடவ சொல்றேன், இப்ப என்ன."

"பக்கத்து வீட்டுல சண்டைக்கு வருவாங்கம்மா."

"வருவா. ஏசுவா. கேட்டுக்கிடுறேன்." அம்மா கரண்டியைக் கீழே வைப்பது கேட்டது. "அவ மகளும் அங்கதான போயிட்டு வருது. தெனமும் அந்தப் பிள்ளை வீடு வந்து சேருற வரைக்கும் எனக்கு வயித்துக்குள்ள எரியுது, அவளுக்குக்கூட அவ்ளோ எரியாது. நீ கதவத் தெறந்தே வையி. வச்சிரட்டுமா, சோறு கொழஞ்சிரும்."

போன் வைக்கப்பட்ட பிறகும் கொஞ்சநேரம் அவள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். கேட்டதில் பாதி காதில் இருந்தது, பாதி இன்னும் வந்துகொண்டிருந்தது. பயம் போய்விட்டதா என்று உள்ளே தேடிப்பார்த்தாள். போகவில்லை. அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது, அதே கனத்தோடு. ஆனால் இதுவரை அது அவளை மேய்த்துக்கொண்டிருந்தது. இப்போது மூலையில் உட்கார்ந்து அவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கட்டும். மேசைமேல் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். சௌந்தரராஜ் கதவின் உள்பக்கமாகப் பென்சிலால் தொட்டுக் காட்டியிருந்த புள்ளியை அடித்தாள். தாளின் ஓரத்தில், உள்ளபடியே இருக்கட்டும், ஓட்டலாம், என்று எழுதி, பேரையும் முழுசாக எழுதினாள். மாரீஸ்வரி. எந்த வாயும் தின்ன முடியாத அளவுக்குப் பெரிய எழுத்தில். அக்கா கடைசி ஆளாக வருவதை இனி மாற்ற முடியாது, அந்தப் பக்கம் அச்சாகிப் போய்விட்டது. அந்தத் தப்பைத் திருத்த மூன்றாம் பாகம் இருக்கிறது. அதில் அக்கா எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வருவாள், அவள் காலில் மிதிபட்டு ஒரு பேய் அலறும்.

தாளை அண்ணாச்சியிடம் நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். ரெண்டே வரியைப் படிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"நாளைக்கு ஆர்டர் நின்னு போச்சுன்னா மாரி?"

அப்படியெல்லாம் நிக்காது அண்ணாச்சி என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. இன்றைக்கு யாருக்கும் சௌகரியமாக எதையும் சொல்வதில்லை என்று இருந்தது அவளுக்கு. "நிக்கலாம் அண்ணாச்சி. நீங்க அச்சடிக்கலைன்னாலும் எனக்குக் கோவம் இல்ல. மதுரையில கேப்பேன். அங்கயும் இல்லைன்னா ஜெராக்ஸ் எடுத்துப் பஸ் ஸ்டாண்டுல நின்னு விப்பேன். ஆனா கோட்டை மாத்தமாட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். அப்போது கரெண்ட் வந்தது. மின்விசிறி கிறீச்சிட்டுச் சுழன்றது, மேசைமேல் இருந்த தாள்களெல்லாம் ஒருசேரப் படபடத்தன, உள்ளே எங்கோ ஒரு விளக்கு மினுங்கி மினுங்கிப் பிடித்தது. குருசாமி கதவோரம் வந்து நின்று, எதை ஓட்ட என்கிற மாதிரிப் பார்த்தார்.

"ரெண்டு விதமாவும் அச்சுப் பிளேட் போட்டு வச்சிருக்கேன்," என்றார் அண்ணாச்சி, அவளைப் பார்க்காமல். "காலையில அவரு போனதுமே. அவரு சொன்னது ஒண்ணு, நீ வரஞ்சது ஒண்ணு. எதையும் தூக்கிப் போட மனசு வரல." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு குருசாமியிடம் சொன்னார். "மாரி வரஞ்சதப் போடு."

மெஷின் முதலில் தயங்கித் தயங்கித்தான் எடுத்தது. பிறகு தாளம் பிடித்துக்கொண்டது. தரை லேசாக அதிர்ந்தது, அந்த அதிர்வு செருப்பு வழியாக அவள் முழங்கால்வரை ஏறியது. அவள் உள்ளே போய் நின்றாள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து படுத்தன. எல்லாத் தாளிலும் கதவு. எல்லாக் கதவிலும் வெளியே ஒரு தாழ்ப்பாள், எல்லாத் தாழ்ப்பாளையும் ஒரு பெண்ணின் எரிகிற கை பிடித்திருக்கிறது. மை வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் மூக்கில் ஏறின. எண்ணத் தோன்றவில்லை. எத்தனை தடவை, எத்தனை தடவை திறக்கிறது பார் என்று யாரிடமோ சொன்னாள், மெஷின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.

தெருவில் கார் வந்து நின்றது. அண்ணாச்சி எழுந்து, சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டு, நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சௌந்தரராஜ் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியபடி உள்ளே வந்தார். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு அவருக்குத் திருப்தி. "வேலை நடக்குது போல," என்று சிரித்தார். "ஒரு தாளு பாக்கலாமா?"

மாரீஸ்வரி குவியலின் மேலிருந்து ஒரு தாளை எடுத்தாள். ரெண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து, அந்தக் கட்டம் அவர் கண்ணுக்கு நேராக வருகிற மாதிரித் திருப்பி நீட்டினாள்.

"ஓரத்தப் பிடிங்க சார். மை இன்னும் காயல."